சத்தமில்லாத அழுகைக்குக் கட்டிய கொலுசு

போன மாதம் என் பழைய வார்ட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நல்ல செய்தி கேட்டுத்தான் போனேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் ஒரு புதுத் தாதிப் பெண் என்னை யாரென்று தெரியாமல் மறித்தாள். முதல் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையை நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, எனக்கே பாடம் எடுக்கத் தொடங்கினாள்.

“அம்மா, இந்தப் பிள்ளைக்குக் கழுத்தில குழாய் போட்டிருக்கு. அழுதாலும் சத்தம் வராது. அதுக்குத்தான் காலில கொலுசு கட்டியிருக்கிறம். உதைச்சா மணி கேக்கும்.”

“அப்படியா? யாரு கண்டுபிடிச்சது அத?”

“மேகலா மிஸ் எண்டு ஒராள். வெள்ளவத்தையில இருக்கிறா. அவவின்ட யோசனைதான்.”

எனக்குச் சூடு தலைக்கு ஏறியது. அன்று இரவே மகளிடம் தாள் வாங்கி எழுத உட்கார்ந்துவிட்டேன்; முடிக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. நான் ஆறாம் வகுப்புவரைதான் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் மகள் திருத்துவாள். விஷயத்தில் பிழை இருக்காது.

பொறாமையில் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

என் பெயர் ராசம்மா. மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவ வந்தவள். அங்கிருந்து ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை; பிறகு அட்டெண்டன் வேலை. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இன்று ஹெந்தளையில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. மாடியும் உண்டு. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலையை ஒருவரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவும் இல்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணால் கற்றேன்.

எங்கள் வார்ட்டுக்கு வரும் பிள்ளைகளில் சிலர் மூச்சுக்குழாய் சரியாக அமையாமல் பிறந்தவர்கள். ஆயிரத்தில் ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு அபூர்வம். குரல்வளைக்குக் கீழே குழாய் பேனா ரீஃபில் அளவுக்குக் குறுகியிருக்கும். சிலருக்கு அதுவும் இல்லாமல் அடைத்தே இருக்கும். டாக்டர்மார் கழுத்தில் துளையிட்டுச் சின்னக் குழாய் ஒன்றை வைப்பார்கள். மூச்சு அதன் வழியாகத்தான் போகும், வரும். மூச்சு குரல்வளைப் பக்கமே போகாததால் பிள்ளைக்குச் சத்தம் இல்லை. முகம் சிவந்து, வாய் பிளந்து, கண்ணீர் ஓடும். ஒரு சத்தமும் வராது. முதன்முதல் பார்க்கிற தாய் அதைத் தாங்கமாட்டாள்.

பிள்ளை வளர வளர, மூச்சுக்குழாயைப் பெரிதாக்கிவிட்டுக் கழுத்துக் குழாயை எடுக்கலாம். சிலருக்கு அது நடக்கும், சிலருக்கு நடக்காது. அதுவரை தாய்தான் வீட்டில் பார்க்க வேண்டும். மெஷினில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டிச் சளியை உறிஞ்ச வேண்டும். கழுத்து நாடாவை மாற்ற வேண்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும். இரண்டு விரல் போனால் குழாய் கழன்றுவிடும். ஒரு விரலும் போகாவிட்டால் தோல் புண்ணாகிவிடும். குழாய் அடைத்துவிட்டால், அதை இழுத்து எறிந்துவிட்டுப் புதுசை வைக்க வேண்டும். டாக்டரைக் கூப்பிட நேரம் இருக்காது.

இதை எல்லாம் தாய்மாருக்குப் பழக்குவது எங்கள் சிஸ்டரின் பொறுப்பு. சிங்கள அம்மா. நல்ல உயரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிலின் கால்மாட்டில் நிற்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நீங்கள் செய்தது பிழை என்றால் உங்கள் கையைப் பார்ப்பார். சரி என்றால் “ம்” என்பார். அந்த ஒரு “ம்”முக்காக நான் என்ன பாடுபட்டிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

தாய்க்கோ தகப்பனுக்கோ பழக்கத் தொடங்குமுன் சிஸ்டர் ஒன்று செய்வார். குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ரோ ஒன்றை வாயில் கொடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வார்ட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கச் சொல்வார். பாதி தூரத்திலேயே ஆள் திணறிப்போகும். அப்போது அந்த ஸ்ட்ரோவின் நுனியில் தன் விரலை மெதுவாக வைப்பார். ஒரு கணம்தான். எடுத்துவிட்டு, “சளி அப்படித்தான்” என்று அவருடைய தமிழில் சொல்வார். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் குழாயை அலட்சியமாகப் பார்த்ததில்லை.

என்னையும் நடக்க வைத்தார். நான் மறுகோடிவரை போய்த் திரும்பியும் வந்தேன். இன்றுவரை வேறு யாரும் அப்படித் திரும்பி வந்ததில்லை. “ம்” கிடைத்தது. அன்றிலிருந்து தாய்மாருக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டுகிற வேலை என்னுடையது.

அந்தக் காலத்தில்தான் மேகலா வந்தார். வெள்ளவத்தை, யாழ்ப்பாணத்துக் குடும்பம், பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தலைப்பிள்ளை, பையன், பெயர் ஆரூரன். மூச்சுக்குழாய் முழுக்க அடைத்துப் பிறந்தவன்.

பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த கையோடு அவர்களுடைய ஆட்கள் பிள்ளையின் கழுத்தில் போடப் பஞ்சாயுதம் கொண்டுவந்தார்கள். சங்கு, சக்கரம், வில், வாள், கதை என்று ஐந்து குட்டி ஆயுதம் கோர்த்த பவுன் சங்கிலி. குழாய் இருக்கிற கழுத்தில் நூல்கூடப் படக்கூடாது. சிஸ்டர் அந்தச் சங்கிலியைப் பார்த்தார், கூடாது என்று தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மேகலா அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன பிள்ளை இது அக்கா? அழுற சத்தமும் இல்லை, கழுத்தில ஒண்டு போட்டுப் பாக்கவும் ஏலாது.”

நான் சொன்னேன்: “கழுத்துதான் கூடாது மிஸ். கால் சும்மாதானே கெடக்கு?”

சொன்ன வாயோடுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதற்கு முந்தின வாரம் நான் திரும்பி நின்று போத்தல் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் என் முதுகுக்குப் பின்னால் அழுது அழுது நீலமாகிப் போயிருந்தான். எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் அழுகிற பிள்ளை காலை உதைக்காமல் இருக்குமா? மறுநாள் செட்டியார் தெருவுக்குப் போய் மணி வைத்த வெள்ளிக் கொலுசு ஒரு சோடி வாங்கினேன். மணி கழன்று பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டால் அது வேறு வினை. ஒவ்வொரு மணியையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர், “என்னம்மா, இது பவுனா, கடிச்சுப் பாக்கிறீங்க?” என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

வார்ட்டில் நகை கூடாது. கட்டிவிட்டுப் பயந்துகொண்டுதான் நின்றேன். சிஸ்டர் வந்தார். காலைப் பார்த்தார். தானே குனிந்து அந்தக் காலை ஆட்டினார். கதவுவரை நடந்து போய், திரும்பி நின்று, என்னை ஆட்டச் சொன்னார். கேட்டது. “ஒவ்வொரு நாளும் சோப் போட்டுக் கழுவ வேணும்” என்றார். பிறகு “ம்.”

கொலுசு பிறந்த கதை இதுதான். நான் கட்டியது மேகலாவின் பிள்ளைக்கு. பார்த்தவர்கள் கண்டதும் மேகலாவின் பிள்ளையின் காலில்தான். ஊர் வாய் மிச்சத்தைச் செய்துகொண்டது.

மேகலா கெட்டிக்காரி, இல்லையென்று சொல்லமாட்டேன். நான் காட்டியதை ஒரு தரம் பார்த்துச் செய்துவிடுவார். முதல் தடவை தனியாகக் குழாய் மாற்றிய அன்று சிஸ்டர் கால்மாட்டில் நின்றிருந்தார். முடிந்ததும் “ம்” வரும் என்று நான் காத்திருந்தேன். சிஸ்டர் மேகலாவின் தோளில் கை வைத்து, “ஹொந்தய்” என்றார். நல்லது என்று அர்த்தம். எனக்கு அத்தனை வருஷத்தில் ஒரு “ஹொந்தய்” கிடைத்ததில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளையோடு வீட்டுக்குப் போனவர் அத்தோடு விட்டாரா? புதிதாக வரும் தாய்மாரோடு கதைக்கச் சிஸ்டரே அவரைக் கூப்பிடத் தொடங்கினார். வந்தால் நாற்காலி போடுவார்கள். நான் நின்றுகொண்டுதான் கற்றுக்கொடுத்தேன். அவர் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். அவர் “மிஸ்”, நான் “ஆயம்மா.” வாட்ஸ்அப்பில் பெற்றோருக்கு ஒரு குழு தொடங்கினார். காலையில் வேலைக்குப் போனால் தாய்மார், “ஆயம்மா, இண்டைக்கு மேகலா மிஸ் வருவாவோ?” என்று என்னிடமே கேட்பார்கள். வரமாட்டார் என்று சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பிறகு சாந்தி வந்தாள். என் வாழ்க்கையில் நான் பார்த்த கஷ்டமான கேஸ் அவள்தான். என் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. புருஷன் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவன். கொட்டாஞ்சேனையில் பொதுக் குழாயடி உள்ள வரிசை வீடுகளில் ஓர் அறை. பெண் குழந்தை, பெயர் கவிஷா. பிள்ளை தேறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் தாய் குழாயைத் தொடமாட்டேன் என்கிறாள். தொடாத தாயிடம் பிள்ளையைக் கொடுத்தனுப்ப முடியாது. பிள்ளை வார்ட்டிலேயே கிடக்கிறது. கிடக்கிற பிள்ளைக்கு வார்ட்டில் அடுத்தடுத்து ஏதாவது காய்ச்சல் தொற்றுகிறது.

என் ஊர்க்காரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிஸ்டரிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

“சாந்தி, கையக் கொடு. இப்படிப் புடி. புள்ள சாகாது.”

“ஏலாது ஆயம்மா. கை நடுங்குது.”

“நடுங்குனா நடுங்கட்டும். நடுங்குற கையாலயே புடி.”

“உங்களுக்குச் சொல்ல லேசு.”

“எனக்கு என்னடி லேசு? எத்தனை புள்ளைக்கு மாத்தியிருக்கேன் தெரியுமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “மாத்திட்டு நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க ஆயம்மா. உங்க வீட்டுல குழாய் இல்லியே.”

ஊர்ப் பேச்சு பேசினேன், அதட்டினேன், கெஞ்சினேன். ஒன்றும் ஆகவில்லை. சிஸ்டர் என் கையைப் பார்த்தார். அடுத்த நாள் மேகலாவைக் கூப்பிட்டுவிட்டார்.

மேகலா ஆரூரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்காலி போட்டார்கள், அன்று அவர் உட்காரவில்லை. சாந்தியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பையனைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தன் பாட்டுக்கு நாடாவை அவிழ்த்து, சளியை உறிஞ்சி, துடைத்து, புது நாடா கட்டினார். நடுவில் அவனுக்கு ஏதோ கூச்சமாகி நெளிந்தான். “ஆடாதையடா, குரங்கு” என்று தலையில் ஒரு தட்டு. அவன் சத்தமில்லாமல் சிரித்தான். சாந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, உங்களுக்குப் பயமில்லையா?”

“பயம்தான். இண்டைக்கும் பயம்தான். பயந்துகொண்டு செய்யிறன். இவனுக்கு வேற ஆரு இருக்கினம்?”

சாந்தி எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அன்று சாயந்தரமே சளியை உறிஞ்சினாள். அதே வாரத்துக்குள் குழாயும் மாற்றினாள்.

நான் மூலையில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் துளையோடு ஒரு பிள்ளையைப் பெற்ற தாயைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். என்னிடம் கைப்பழக்கம் இருந்தது. மேகலாவிடம் இருந்ததைச் சம்பாதிக்கவும் முடியாது, யாரும் ஆசைப்படவும் மாட்டார்கள். நான் பட்டேன்.

ஆனால் கவிஷாவின் காலில் கொலுசு கட்டியது நான். மணிகளைக் கடித்துப் பார்த்துத்தான்.

வீட்டுக்கு அனுப்புமுன் நானே போய் அவர்களுடைய அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். நான் இருந்த தெருவுக்கு அடுத்த தெருதான். கொசுவர்த்தி கூடாது, பவுடர் கூடாது, சாம்பிராணி கூடவே கூடாது என்று புருஷன் பெண்சாதி இருவரிடமும் சொன்னேன். நம் ஆட்களுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டினால் சாம்பிராணி காட்டாமல் குளியல் முடியாது. மூக்கு வழியாகப் போகிற புகை வடிகட்டிப் போகும். கழுத்துக் குழாய் வழியாகப் போனால் நேரே நெஞ்சுக்குத்தான்.

அந்த அறையில் உள்ளவர்களுக்குத்தான் சொன்னேன். பக்கத்து அறைக்கு யார் சொன்னது?

ஒரு வெள்ளிக்கிழமைச் சாயந்தரம். புருஷன் இன்னும் வரவில்லை. சாந்தி பிள்ளையைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்துவிட்டு, முற்றத்துக் குழாயடியில் துணி அலசப் போயிருக்கிறாள். பக்கத்து அறை புஷ்பம் நல்ல மனுஷி. இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிள்ளை, கண்ணூறு கழிய வேண்டுமென்று சாம்பிராணிச் சட்டியோடு உள்ளே போயிருக்கிறாள். சுற்றிக் காட்டிவிட்டு, வாசனை நிற்கட்டும் என்று சட்டியைத் தொட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறாள். பிள்ளை வாயை அகலத் திறந்திருக்கிறது. சத்தம் இல்லை. புஷ்பம் என்ன நினைத்தாள் தெரியுமா? “பிள்ளைக்குத் தூக்கம் வந்திட்டு, கொட்டாவி விடுது.” மெல்லக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே சாந்திக்கு மணி கேட்டது. விளையாட்டுக்கு உதைக்கிற மணி வேறு. இது நிற்காமல் அடித்திருக்கிறது. சாந்தி துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவைத் திறந்தால் அறை முழுக்கப் புகை, பிள்ளையின் உதடு நீலம். தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு வந்து, மெஷினை இழுத்துவைத்து உறிஞ்சினாள். குழாய் அடைத்துவிட்டது, ரப்பர் உள்ளே இறங்கவில்லை. அதற்குள் மணியும் நின்றுவிட்டது. பிள்ளைக்கு உதைக்கத் தெம்பில்லை.

புஷ்பம், “ஐயோ, ஆஸ்பத்திரிக்கு ஓடு, ஆஸ்பத்திரிக்கு ஓடு” என்று கத்துகிறாள். சாந்தி ஓடவில்லை. முற்றத்துத் தரையிலேயே பிள்ளையைக் கிடத்தி, நாடாவை வெட்டி, அடைத்த குழாயை இழுத்தெறிந்து, தோள்பட்டைக்குக் கீழே ஈரத் துணியைச் சுருட்டி வைத்து, புதுக் குழாயை வைத்தாள். முதல் மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். பிறகு கொலுசு ஒரு தரம் மெதுவாக ஆடியதாம்.

இதை அவள் வார்ட்டில் வந்து சிஸ்டரிடம் சொன்னபோது நானும் நின்றேன். கேட்கக் கேட்க எனக்கு மார்பு விம்மியது. மணி கேட்டது என்றாளே, இப்போது என் பெயர் வரும், இப்போது வரும் என்று நின்றேன்.

“சிஸ்டர், அந்த நேரத்துல மேகலா அக்காதான் என் கைக்குள்ள நின்னாங்க” என்றாள்.

சிஸ்டர், “ஹொந்தய்” என்றார், சாந்திக்கு. நான் துணி மடிக்கப் போனேன். என்னைக் கடந்து போகும்போது சிஸ்டர் என் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். “ராசம்மா, கொலுசு” என்றார். அது “ஹொந்தய்” ஆகாது. என்றாலும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்றேன், சிஸ்டரும் ஓய்வில் போய்விட்டார். கவிஷா வளர வளரக் கொலுசு சிறுத்துப் போகும். அளவு பார்த்துப் பெரிசு வாங்கிக் கொடுத்தது நான். ஆரூரனும் வளர்ந்துவிட்டான். பழைய கொலுசின் மணிகளை ஒரு சங்கிலியில் கோர்த்துக் கையில் கட்டியிருக்கிறான். தாயைக் கூப்பிட மணிக்கட்டை உதறுவான்.

போன மாதம் சாந்தி எனக்குப் போன் பண்ணினாள். “ஆயம்மா! கவிஷாவுக்குக் குழாய் எடுத்துட்டாங்க! ஓட்டைய மூடிட்டாங்க! புள்ளைக்குச் சத்தம் வருது! மேகலா அக்காவுக்குத்தான் முதல்ல போன் எடுத்தேன், அவங்க அழுதுட்டாங்க. நீங்களும் வாங்க.”

நல்ல செய்தி என்று சொன்னேனே, அதுதான். முதல் போன் யாருக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

புதுத் தாதியிடம் பாடம் கேட்டுவிட்டு, தலைச்சூடு ஆறாமலே நான் கவிஷாவின் கட்டிலுக்குப் போனேன். மேகலா ஏற்கெனவே அங்கே நின்றார், பக்கத்தில் ஆரூரன். தாதிமார் பிள்ளையின் கழுத்துக் கட்டுத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டரை உரித்த உரிப்புக்கு அவள் கத்தினாள். கரகரத்த குரல், சேவல் குஞ்சு கூவப் பழகுகிற மாதிரி. வார்ட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஒரு பிள்ளை அழுவதைக் கேட்டு அத்தனை பேர் சிரித்ததை நான் கண்டதில்லை.

சாந்தி குனிந்து பிள்ளையின் காலிலிருந்து கொலுசைக் கழற்றினாள். நேரே என்னிடம் வந்தாள். குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு, அதை என் கையில் வைத்து மூடினாள்.

“இனி இது வேணாம் ஆயம்மா. இவ கத்துறது நம்ம ஊரு ஹட்டன் வரைக்கும் கேக்கும். நீங்க கட்டுனது, நீங்களே வச்சிக்கங்க.”

எல்லோர் முன்னாலும். புதுத் தாதியும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் போன் மேகலாவுக்கு, வெள்ளி எனக்கு. பார்த்தீர்களா என்கிற மாதிரி மேகலா பக்கம் திரும்பினேன்.

மேகலா என்னைப் பார்க்கவில்லை. கவிஷாவின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கண் வேறிடத்தில் இருந்தது. ஆரூரனுக்குக் குழாய் எடுக்க முடியாது என்று டாக்டர்மார் இந்த வருஷமும் சொல்லியிருந்தார்கள். அவன் தாயின் சேலையை இழுத்து, மணிக்கட்டை உதறினான். அவர் கவனிக்கவில்லை.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் முகத்தில் பல வருஷம் குடியிருந்தது.

“மிஸ், வாங்க, கன்டீனுக்குப் போயி பிளேன்டி குடிப்பம்.”

“இல்லை அக்கா. நான் சந்தோஷமாத்தான் இருக்கிறன்.”

“தெரியுமே. சந்தோஷமும் இருக்கும். மத்ததும் இருக்கும்.”

“மற்றதெண்டா?”

“பொறாமை மிஸ். அதுல கொழும்பிலயே என்னைய விட அனுபவம் உள்ள ஆள் கெடையாது.”

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். “நீங்களா? ஆரைப் பார்த்து?”

“உங்களப் பாத்துத்தான். வேற யாரு?”

“என்னையா?” என்றார். “என்னைப் பார்த்தா?” என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆரூரன் என்னைப் பார்த்து மணியை உதறினான், அம்மாவுக்கு என்ன என்று. “ஒண்ணுமில்லடா. உங்கம்மாவுக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வா” என்றேன்.

அவன் இரண்டு கொண்டுவந்தான். நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

மேகலாமேல் எனக்கு இன்னும் பொறாமை உண்டு. ஆனால் அன்று போல அது லேசாக இருந்ததில்லை. நிற்க, அந்தப் புதுத் தாதிக்கும் மற்றவர்களுக்கும் இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்: கொலுசு என்னுடைய யோசனை. நம்பாவிட்டால் மேகலா மிஸ்ஸிடமே கேளுங்கள்.